பூஜ்யத்துக்குத் திரும்பாத முள்

ஜூலை 17 (ஆடி 1)

கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. டிவிக்கு அடியில் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து எழுதுகிறேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. வேலையில் தினமும் லாக் எழுதுகிறவனுக்கு வீட்டுக்கும் ஒன்று எழுதுவதில் கஷ்டமில்லை.

தலை ஆடி. தங்கச்சி கோமதியும் மாப்பிள்ளை குமரேசனும் காலையிலேயே மதுரையிலிருந்து வந்துவிட்டார்கள். தையில் கல்யாணம் ஆனது. அம்மா தேங்காய்ப்பால் காய்ச்சினாள், வடை சுட்டாள். அப்பா மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்து வைத்திருந்தார். இனி ஆடி முழுக்க கோமதி இங்கே இருப்பாள். ஆவணி ஒன்றாம் தேதி அவர்கள் வந்து கூட்டிப்போவார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கும். கூட்டுறவு வங்கியில் வேலை. குரல் ஏறாத மனிதர். வீண் பேச்சு கிடையாது. சாப்பிட்டபின் எப்போது எழுந்தார், எப்போது செருப்பை மாட்டினார் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட் கிறீச்சிட்ட பிறகுதான் அவர் கிளம்பியதே தெரிந்தது. அப்பா வாய் கொப்பளித்த கையோடு ஓடிப்போய் வழியனுப்பினார்.

ராத்திரி நாலு பேரும் ஹாலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். கோமதி இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினாள். இளைத்திருக்கிறாள். மதுரை வெயில் என்றாள்.

ஜூலை 20

கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் கோமதி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறாள். பால்காரர், கேபிள்காரர், யார் வந்தாலும். பார்த்துவிட்டுத் திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். நமக்குத்தான் தலைவலி. அந்த கேட் மூன்று வருஷமாகக் கத்துகிறது.

ஜூலை 21

ஞாயிறு. கேட்டைக் கழற்றினேன். கீல் இரண்டும் உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்தன. எமரி ஷீட்டால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டினேன். இப்போது சுண்டுவிரலால் தள்ளினால் திறக்கிறது. மூச்சுக்கூட விடவில்லை.

கோமதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "எதுக்குண்ணே இதச் செஞ்ச?" என்றாள். எதுக்கா? கேட்டை வேறு எதற்கு ரிப்பேர் செய்வார்கள்? ஒருத்தரும் நன்றிகூடச் சொல்லவில்லை.

ஜூலை 22

கோமதி அடுக்களைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். தரித்திரம் பிடிக்கும் என்று அம்மா திட்டினாள். கால் மரத்துப்போகுது என்றாள் இவள்.

ஜூலை 24

கோமதி தபால்வழியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தது. ஆகஸ்ட் பன்னிரண்டுக்குள் ஒரு சிறுகதையை ஆராய்ந்து கட்டுரை அனுப்ப வேண்டும். மடிக்கணினி என்னிடம்தான் இருக்கிறது, தட்டச்சும் எனக்குத்தான் வரும். அதனால் அப்பா என் தலையில் கட்டிவிட்டார். "ஏலே இசக்கி, தங்கச்சிக்குக் கொஞ்சம் ஒத்தாச பண்ணு, டிப்ளமா படிச்சவந்தானே" என்றார். டிப்ளமா இன்ஸ்ட்ருமென்டேஷனுக்கும் சிறுகதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

கட்டுரைக்கு முன்னால் கருதுகோள் என்று ஒன்று எழுதி ஒப்புதல் வாங்க வேண்டுமாம். ஒரே வாக்கியம். கட்டுரை முழுக்க அதை நிரூபிக்க வேண்டும். கோமதி எழுதியது: இக்கதை ஒரு பெண்ணின் துயரத்தைச் சித்திரிக்கிறது. உலகம்மாள் மேடம் என்கிற அவளுடைய பேராசிரியைக்கு அனுப்பினோம்.

ஜூலை 26

திரும்பி வந்துவிட்டது. மேடத்தின் குரல் பதிவு, நறுக்கென்று இருந்தது. இதை யாராலாவது இல்லை என்று சொல்ல முடியுமா, முடியாதென்றால் இது கருதுகோள் இல்லை, வெறும் தகவல் என்கிறார். மறுக்க இடம் இருக்க வேண்டும், மறுப்பவனுக்குக் கதைக்குள்ளிருந்தே பதில் சொல்லவும் முடிய வேண்டும்.

எனக்கு இந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. அழுத்தம் அளக்கும் கேஜ்களைச் சோதிக்கிற எங்கள் லேபிலும் இதுதான் விதி. சோதிக்க முடியாத ரீடிங் ரீடிங்கே இல்லை.

ஜூலை 28

கதையைப் படித்தேன். ஏழு பக்கம். ரயில்வே குவார்ட்டர்ஸில் மரகதம் என்று ஒரு பெண். கணவன் ரயில்வே கிளார்க், சாது. அவள் சமைக்கிறாள், துவைக்கிறாள், எல்லாருக்கும் பரிமாறிவிட்டு நின்றபடியே சாப்பிடுகிறாள். நடுவில் கணவன் மூன்று நாள் வெளியூர் போகிறான். அப்போதும் நின்றுதான் சாப்பிடுகிறாள். கடைசியில் ஒருநாள் பால் பொங்கி வழிகிறது, அவள் வீட்டில் இல்லை. அவ்வளவுதான் கதை. எங்கே போனாள் என்றுகூட எழுதவில்லை. ஏழு பக்கம் எழுதியவருக்கு இன்னும் ஒரு வரி எழுத என்ன கேடு.

நோட்ஸ் புத்தகத்தில், நின்றபடி உண்பது தாய்மையின் தியாகத்துக்குக் குறியீடு என்று போட்டிருந்தது. அதையே எழுதச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. பேனாவை எடுத்து அவளே எழுதினாள்: மரகதம் நின்று உண்பது தியாகத்தால் அல்ல, அச்சத்தால்.

சரி, மறுக்க இடம் இருக்கிறது. அனுப்பினோம்.

ஜூலை 30

மேடம் ஒப்புக்கொண்டுவிட்டார். இப்போது ஆதாரம் காட்டச் சொல்கிறார்.

ஜூலை 31

சண்டை. ஆதாரம் எங்கே என்று கேட்டேன். கதையில் கணவன் கை ஓங்கினானா? இல்லை. வைதானா? இல்லை. ஒரு இடத்தில்கூடக் குரலை உயர்த்தவில்லை. அவள் நிற்கிற நாலு இடத்தையும் பக்கம், வரி போட்டு எழுதித் தந்தேன். நாலிலும் அவள் முதுகு சுவரில் இருக்கிறது, முகம் வாசலைப் பார்க்கிறது என்று கோமதி காட்டினாள். அதை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்று நாள்? ஆளே ஊரில் இல்லை. பயத்துக்குக் காரணமானவன் இல்லாதபோதும் நிற்கிறாள் என்றால் அது பயமில்லை, பழக்கம். கேஜிலிருந்து பிரஷரை எடுத்துவிட்டால் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். உன் கருதுகோள் அங்கேயே செத்துப்போச்சு என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 2

தினமும் ஏழு மணிக்கு மாப்பிள்ளை வீடியோ காலில் வருகிறார். கோமதி போனைச் சுற்றிச் சுற்றி வீட்டைக் காட்டுகிறாள். ஹால், அடுக்களை, மாடிப்படி. புதுசாகக் கல்யாணமானவர்களின் பாசம். பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இன்று அவள் குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். என்ன செய்கிறாள் என்று கேட்டார். கட்டுரை என்றேன். பேச்சு வளரட்டுமே என்று வேடிக்கையாகச் சொன்னேன்: கதையில் வருகிற பொம்பளை புருஷனுக்குப் பயந்துதான் நின்று சாப்பிடுகிறாளாம், ஆதாரம் கேட்டால் உங்கள் வீட்டுக்காரி முறைக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. "அப்படியா மச்சான்" என்றார். சிக்னல் சரியில்லை என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா கோமதிக்குத் தாலிக்கயிறு மாற்றிவிட்டாள். மூன்று வகைச் சாதம். புளியோதரையில் உப்பு கூடிப்போய்விட்டது.

ஆகஸ்ட் 6

எனக்கு ஆஃப். மத்தியானம் ஹாலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் டம்ளர் விழுந்தது. திரும்பினால் கோமதி சுவரோடு ஒட்டி நிற்கிறாள். அவள் பார்த்த பக்கம் பார்த்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் மாப்பிள்ளை நிற்கிறார். கையில் பலாப்பழம்.

எப்போது வந்தீர்கள் என்றேன். இப்பத்தான் மச்சான் என்றார். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆடியில் மாப்பிள்ளை வரும் வழக்கமில்லை என்பதால் அம்மாவுக்குக் கை காலே ஓடவில்லை. திருநெல்வேலியில் பேங்க் மீட்டிங், அப்படியே வந்தேன் என்றார். காப்பி குடித்தார். போகும்போது அடுக்களை வாசலில் நின்று, "கதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணுதியாமே. நல்லதுதான்" என்றார். சிரித்த முகம். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை.

அப்பா ரொம்ப நேரம் மெச்சிக்கொண்டிருந்தார். பொண்டாட்டியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லையாம்.

சாயந்திரம் கோமதி வந்து, "தியாகம்னே எழுதிருண்ணே. நோட்ஸ்ல உள்ளதையே போட்ரு" என்றாள். மேடம்தான் ஒப்புக்கொண்டுவிட்டாரே என்றேன். "அவங்களுக்கு என்ன தெரியும்" என்றாள்.

நான் போனில் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 9

லேபுக்கு ஒரு ரசாயன ஆலையிலிருந்து பிரஷர் கேஜ் வந்தது. கண்ணாடியில் கீறல் இல்லை, பெயிண்ட் புதுசு. லைனிலிருந்து கழற்றி மேஜையில் வைத்தால் முள் நாலில் நிற்கிறது. கொண்டுவந்த ஆள் இது நல்ல கேஜ், சும்மா அட்ஜஸ்ட் பண்ணிக்கொடுங்கள் என்றான். ஓவர் பிரஷர் போயிருக்கிறது என்றேன். "போகவே இல்ல சார், நான்தானே தினம் பக்கத்துலயே நிக்கேன். நீங்க பாத்தீங்களா?" என்று எகிறினான். எனக்குச் சுள்ளென்று வந்தது. "நான் எதுக்கு பாக்கணும்? உள்ள இருக்க குழாய் வளைஞ்சிருக்கு. பிரஷர எடுத்தப்பறமும் முள்ளு பூஜ்யத்துக்கு வரலன்னா, தாங்க முடியாதது ஒண்ணு போயிருக்குன்னு அர்த்தம்" என்றேன்.

சொல்லி முடித்ததும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஆள் நான் தணிந்துவிட்டேன் என்று நினைத்து டீ வாங்கித் தரவா என்றான்.

அந்த மூன்று நாள். ஆள் ஊரில் இல்லாத மூன்று நாள். அதை வைத்துத்தான் அவள் கருதுகோளைக் கொன்றேன். தினமும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது.

ஆடி ஒன்றாம் தேதியிலிருந்து இங்கேயும் ஆள் ஊரில் இல்லை.

ஆகஸ்ட் 10

வேலைக்குப் போகவில்லை. கோமதியிடம் கேஜ் விஷயத்தைச் சொன்னேன். கதைக்காகத்தான் சொன்னேன், வேறு எதையும் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டாள். பிறகு காகிதத்தை இழுத்து எழுதினாள். இரண்டு முறை அடித்தாள். மூன்றாவது நின்றது:

கணவன் இல்லாத மூன்று நாளும் மரகதம் சுவரில் சாய்ந்து நின்றே உண்பது, அவன் இருந்த நாட்களில் கதை சொல்லாமல் விட்டவற்றுக்குச் சாட்சி.

இதைவிட நல்ல வாக்கியம் நான் படித்ததில்லை. நான் நிறையப் படித்தவன் இல்லை, இருந்தாலும். ஓட்டையாகத் தெரிந்த இடத்தையே தூணாக்கிவிட்டாள். அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். ஆறு பக்கம். அவள் இவ்வளவு பேசிக் கேட்டு நாளாயிற்று. அத்தனையும் மரகதத்தைப் பற்றி.

ஆகஸ்ட் 12

அனுப்பிவிட்டோம்.

அனுப்பிய கையோடு கேட்டேன், அடிக்கிறாரா என்று. "அடிக்கல" என்றாள். வைகிறாரா? "இல்ல." பின்னே என்ன? "ஒண்ணுமில்லண்ணே. விடு." அவள் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவேன். பொய் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14

அப்பாவிடம் பேசினேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்றேன். ஏன் என்றார். சொல்ல முடியவில்லை. அவள் ஏதாவது சொன்னாளா என்றார். இல்லை. மாப்பிள்ளை மேல் குறை ஏதாவது? தெரியாது. "ஒண்ணுமே இல்லாம ஊரு வாய்க்கு ஏம்ல தீனி போடுத?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு வாரத்துக்கு முன் நானும் அதைத்தான் கேட்டேன்.

அம்மா முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கும். நிமிரவில்லை.

ஆகஸ்ட் 16

பெட்டி கட்டியாகிவிட்டது. முறுக்கு, அதிரசம், இரண்டு தூக்கு. ஹாலில் வரிசையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17 (ஆவணி 1)

பத்து மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா கல்யாணசுந்தரம், ஒரு அத்தை. கேட் திறந்தது யாருக்கும் கேட்கவில்லை. நான் ஜன்னலில் நின்றதால் பார்த்தேன்.

பூ, பழம், காப்பி. அப்பா, "கெளம்புத்தா, நல்ல நேரம் போகுதுல்லா" என்றார். கோமதி பட்டுச்சேலையில் அடுக்களை வாசலில் நின்றாள். முதுகு கதவு நிலையில் சாய்ந்திருந்தது.

நான் சொன்னேன். "அவ வரல."

கல்யாணசுந்தரம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா? அந்தப் புள்ள சொல்லிச்சா?"

அப்பா அவள் பக்கம் திரும்பி, "ஏட்டி, நீ சொன்னியா?" என்றார். கோமதி தரையைப் பார்த்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காரணம் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்றுதான்.

"அவ நின்னுக்கிட்டே சாப்பிடுதா" என்றேன்.

அத்தை சிரித்துவிட்டாள். நின்று சாப்பிடுவதற்கெல்லாமா பொம்பளைப் பிள்ளையை வைத்துக்கொள்வார்கள், அப்படிப் பார்த்தால் நான் புகுந்த வீட்டிலேயே இருந்திருக்கக் கூடாது என்றாள். கல்யாணசுந்தரமும் சிரித்தார். அப்பா கூனிக் குறுகிப்போய், இவன் மெஷினோடு இருந்து இருந்து இப்படி ஆகிவிட்டான் என்று சமாதானம் சொன்னார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. நான் சொன்னதன் அர்த்தம் அந்த ஹாலில் அவருக்கு மட்டும் புரிந்தது. "மச்சானுக்கு வேலையில டென்சன் போல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

பெட்டி மேல் காலை வைத்தேன். மரியாதை இல்லாத செய்கைதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அடிச்சத நான் பாக்கல. அவளும் சொல்லல. எங்கிட்ட ஆதாரம் கெடையாது. ஆனா அனுப்ப மாட்டேன்" என்றேன்.

அப்பா என்னை அறைந்தார். இருபத்தேழு வயதில், சம்பந்தி முன்னால்.

அப்போதுதான் அம்மா எழுந்தாள். ஒரு தூக்கை எடுத்தாள். அவர்கள் கையில் கொடுப்பாள் என்று நினைத்தேன். அடுக்களைக்குக் கொண்டுபோய் மேல் தட்டில் வைத்தாள். திரும்பி வந்து இரண்டாவதையும் எடுத்துப்போனாள். பிறகு கோமதியைத் தோளோடு பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டாள். பதினான்காம் தேதி அப்பா கேட்டபோது என்னால் சொல்ல முடியாத காரணத்தை அம்மா எப்போதோ பார்த்திருக்கிறாள். எண்ணெய் தேய்த்துவிட்டபோதா, தாலிக்கயிறு மாற்றியபோதா, தெரியாது. இதுவரை கேட்கவில்லை.

போனார்கள். சம்பந்தி வாசலில் நின்று கத்தினார், தெரு முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளை கடைசியாகப் போனார். கேட்டை அவர்தான் சாத்தினார். சத்தமே வரவில்லை.

ஆகஸ்ட் 20

அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மாவோடும். கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அங்கே நாலு பேர் கேட்பார்களாம்.

ஆகஸ்ட் 25

வக்கீல் நோட்டீஸ் வந்தது. காரணமில்லாமல் பிரிந்து வாழ்கிறாளாம்.

ஆகஸ்ட் 29

கட்டுரை திருத்தி வந்தது. இருபதுக்குப் பதினொன்று. திருத்தியது மேடம் இல்லை, வேறு யாரோ. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில்: கருதுகோள் துணிச்சலானது, ஆதாரம் போதாது.

கோமதிக்கு வாசித்துக் காட்டினேன். அடுக்களைச் சுவரில் சாய்ந்து நின்று தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனவன் போய்விட்டான், உட்கார்ந்து சாப்பிடேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அவிய வாரது கேக்காதுண்ணே. சமைக்கும்போது, படிக்கும்போது, தூங்கும்போது. என்னமோ தோணித் திரும்பினா பின்னாடி நிப்பாவ. எவ்வளவு நேரமா நிக்காவன்னு தெரியாது. அதுக்கப்புறம்..."

ஒரு வாய் சாப்பிட்டாள்.

"இங்க வந்தன்னிக்கு நல்லா இருந்துச்சு. கேட்டு சத்தம் போடும்லா. ஆளு வந்தா தெரியும்னு உக்காந்து சாப்ட்டேன். நீ கிரீஸ் வச்சிட்ட."

அவ்வளவுதான் சொன்னாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஸ்பேனர் எடுத்து கேட்டைக் கழற்றினேன். அப்பா ஜன்னலிலிருந்து பார்த்தார், கேட்கவில்லை. மண்ணெண்ணெயில் கிரீஸ் முழுவதையும் கழுவி, துணியால் துடைத்து, காயவைத்து மாட்டினேன். ஆட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. நன்றாகத் தேய்த்து வைத்த இரும்பு, உடனே கத்தாது. துருவேற வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து இரண்டு கீலிலும் ஊற்றினேன்.

செப்டம்பர் 3

இன்னும் கத்தவில்லை. காலையிலும் சாயந்திரமும் ஊற்றுகிறேன்.